அர்ச். சார்லஸ் பொரோமேயுவும் மிலான் பட்டணத்துக் கொள்ளைநோயும்



நவம்பர் மாதம் 4-ம் தேதி அர்ச். சார்லஸ் பொரோமேயுவின் திருநாள். நமது பங்கில் அவர் பெயரால் கோயிலும் இல்லை, பீடமும் இல்லை. சார்லஸ் என்னும் பெயரை ஞானஸ்நானத்தில் பெற்றவர்கள் சிலர் உண்டு. அவர்களிலும் பலர் தங்கள் பாதுகாவலரைப்பற்றி அறிந்திருப்பது சொற்பமே. குருமடத்தில் பயின்ற எங்களுக்கு அவர் குருமடங்களின் தந்தை என்ற முறையில் பழக்கமானவர். உங்களுக்கு அவரை வேறொரு முறையில் அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

2020-ம் ஆண்டில் கொரோனா நோயினால் கோயில் கதவுகள் அடைபட்டிருந்த மாதங்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பாஸ்குத் திருநாளன்றும் பூசையில்லாமல் வீட்டிலிருந்தோம். அப்போது விசுவாசிகளுக்குள்ளே இரண்டுவிதமான பேச்சு எழும்பிற்று. நோய்க்குப் பயந்து கோயிலைப் பூட்டுவது விசுவாசக் குறைவு என்றனர் சிலர். கைப்பேசியில் வந்த செய்தியையெல்லாம் வேதவாக்கியம்போல் நம்பி, பொழுது விடிவதற்குள் பத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தனர் வேறு சிலர். பயந்தவர்களும் பயப்படாதவர்களும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டார்கள். அந்த மனஸ்தாபம் சில குடும்பங்களில் இன்னும் முற்றும் ஆறவில்லை. ஆகையால், நானூற்றைம்பது வருஷத்துக்குச் சற்று முன் இதே சங்கடத்தில் அகப்பட்ட ஒரு மேற்றிராணியார் எப்படி நடந்துகொண்டார் என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சார்லஸ் 1538-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி, வட இத்தாலியில் மாஜோரே ஏரிக்கரையிலுள்ள அரோனா கோட்டையில் பிறந்தார். பிரபு குடும்பம். தாயார் மேதிச்சி வம்சத்து மார்கரீத்தா அம்மாள், பிள்ளைக்கு ஒன்பது வயதாயிருக்கையில் காலஞ்சென்றார். பாவியா பட்டணத்துச் சர்வகலாசாலையில் சட்டம் படித்து, 1559-ல் பட்டம் பெற்றார். அதே மாதம், கிறிஸ்மஸ் திருநாளையொட்டி, அவருடைய தாய்மாமன் பாப்பரசராகத் தெரிந்துகொள்ளப்பட்டு, 4-ம் பத்திநாதர் என்னும் பெயரைத் தரித்தார். ஆறு வாரத்துக்குள் மருமகன் கர்தினால் ஆனார். வயது இருபத்தொன்று, இன்னும் குருப்பட்டம்கூடப் பெறவில்லை. இன்று இப்படி ஒன்று நடந்தால் நாம் என்ன சொல்வோம் என்று எனக்குத் தெரியும். அக்காலத்தில் அதுவே வழக்கம். ஆனால் அந்தப் பதவி அவரைக் கெடுக்கவில்லை என்பதே ஆச்சரியம். திரிதெந்தீன் பொதுச் சங்கம் 1563-ல் நல்லபடியாக முடிவடைவதற்கு ரோமாபுரியிலிருந்து ஓயாமல் கடிதம் எழுதி உழைத்தவர் அவரே. ஒரே சகோதரனான பெதெரிக்கோ 1562-ல் திடீரென்று இறந்தபோது, குருத்துவத்தை விட்டு வம்சத்தை விளங்கவைக்க வேண்டுமென்று உறவினர் நெருக்கினார்கள். சார்லஸ் இணங்காமல் 1563-ல் குருப்பட்டம் பெற்று, அதே ஆண்டு டிசம்பர் 7-ம் தேதி, மிலான் பட்டணத்தின் பாதுகாவலரான அர்ச். அம்புரோசியாரின் திருநாளன்று, மேற்றிராணியாராக அபிஷேகமானார்.

மிலான் அதிமேற்றிராசனத்தில் ஏறக்குறைய எண்பது வருஷமாக எந்த அதிமேற்றிராணியாரும் குடியிருந்ததில்லை. வருமானம் மாத்திரம் அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1565-ம் ஆண்டு செப்டம்பர் 23-ம் தேதி சார்லஸ் பட்டணத்துக்குள் பிரவேசித்தார். குருமடங்களை ஏற்படுத்தினார். மலைப்பாதையில் கழுதைமேலும் கால்நடையாகவும் சென்று பங்குகளை விசாரித்தார். ஒவ்வொரு பங்குச் சுவாமியாரும் தமது பங்கிலுள்ள குடும்பங்களை வீட்டுவாரியாகப் புத்தகத்தில் எழுதிவைக்கவேண்டும் என்று கட்டளையிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கும் பள்ளிகளைப் பெருக்கினார். அவர் மரிக்கும்போது அவை 740 என்றும், படித்த பிள்ளைகள் 40,000 என்றும் கணக்கு. இந்தப் புத்தகங்களும் பள்ளிகளும் எதற்குப் பயன்படும் என்று முணுமுணுத்தவர்கள் அன்றும் இருந்தார்கள். பிறகு பயன்பட்டது.

எல்லாருக்கும் அவர்மேல் பிரியம் என்று எண்ணிவிடாதேயுங்கள். உமிலியாத்தி என்னும் பழைய சபையைத் திருத்தப் புகுந்ததற்காக, அச்சபையைச் சேர்ந்த ஒருவன் 1569-ம் ஆண்டு அக்டோபர் 26-ம் தேதி மாலை, சிற்றாலயத்தில் முழந்தாளிலிருந்த அதிமேற்றிராணியாரை முதுகுப்புறமாகத் துப்பாக்கியால் சுட்டான். குண்டு உடையில் பட்டது, உயிருக்கு மோசமில்லை. ஸ்பெயின் தேசத்து அரசருக்குக் கீழிருந்த மிலான் கவர்னர்களோடும் அவருக்கு அடிக்கடி வழக்கு. சார்லஸ் கண்டிப்பான மனிதர். அவரோடு ஒரு வீட்டில் குடியிருப்பது லேசாயிருந்திராது என்று நானும் நினைப்பதுண்டு.

இனிக் கொள்ளைநோய்க்கு வருவோம்.

1575-ம் ஆண்டு ரோமாபுரியில் ஜூபிலி ஆண்டு. அடுத்த ஆண்டில் அந்த ஜூபிலியின் பலன்கள் மிலானுக்கும் அளிக்கப்பட்டு, திரளான மக்கள் பட்டணத்துக்கு வந்துபோனார்கள். அதற்குள்ளாகவே வட இத்தாலியின் வேறு பட்டணங்களில் பிளேக் நோய் தலைகாட்டியிருந்தது. வெனிஸ் நகரம் அதனால் பெரும் நாசமடைந்துகொண்டிருந்தது. 1576-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஆஸ்திரியா தோன் ஜுவான் என்னும் இளவரசர் மிலானுக்கு வந்தார். அவருக்கு உற்சவ வரவேற்பு நடந்துகொண்டிருக்கையிலேயே பட்டணத்துக்குள் நோய் புகுந்துவிட்டதென்ற செய்தி பரவிற்று. இளவரசர் உடனே புறப்பட்டார். கவர்னரான அயமோந்தே பிரபு விஜேவானோ என்னும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். பணமும் வண்டியும் உள்ளவர்கள் எல்லாரும் அவரைப் பின்பற்றினார்கள். அந்தச் சமயம் சார்லஸ் லோதி மேற்றிராணியாரின் அடக்கச் சடங்குக்காக அவ்வூருக்குப் போயிருந்தார். செய்தி கேட்டதும் திரும்பினார். பட்டண வாசலில் நுழைந்தபோது, தெருவில் நின்ற ஜனங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, இரக்கம் கேட்டு ஓலமிட்டார்கள்.

அவருடைய ஆலோசனைக்காரர்கள், பட்டணத்துக்கு வெளியே ஒரு பத்திரமான இடத்தில் தங்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். மேற்றிராசனம் பெரிது, அவர் இறந்தால் யார் நடத்துவது என்றார்கள். நியாயமான கேள்விதான். சார்லஸ் அவர்களிடத்தில் வேறொன்றைக் கேட்டார்: ஆடுகளோடு தங்கியிருப்பது மேய்ப்பனுக்கு உத்தமமான வழியா, இல்லையா? உத்தமமான வழிதான், ஆனால் கட்டாயமில்லை என்று சாஸ்திரிகள் விடைகொடுத்தார்கள். அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது. தமது மரணசாசனத்தை எழுதிவைத்தார். சொத்தை மிலான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார். அதன்பின் வேலையைத் தொடங்கினார்.

இந்த இடத்தில் சற்று நிதானித்துக் கவனியுங்கள். சாவுக்குத் துணிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு ஓடிவிடவில்லை. நோயைப்பற்றி அறியக்கூடியதையெல்லாம் முதலில் அறிந்துகொண்டார். பூர்வகாலத்துக் கொள்ளைநோய்களில் அர்ச். கிறகோரியார் முதலான மேய்ப்பர்கள் என்ன செய்தார்கள் என்று வாசித்தார். பட்டணத்துச் சுகாதார அதிகாரிகளோடு பேசினார். எந்தத் தெருவில் எத்தனை வீடு அடைக்கப்பட்டது, யாருக்கு அப்பம் இல்லை, எங்கே பிரேதம் எடுக்கப்படாமல் கிடக்கிறது என்ற விவரங்களைக் கேட்டறிந்தார். பங்குகளில் குடும்பப் புத்தகங்கள் இருந்தபடியால், இன்ன வீட்டில் இத்தனை பேர் என்று சொல்லக்கூடியவர்கள் குருக்களே. தாம் அறிந்ததைத் தமக்குள் வைத்துக்கொள்ளவுமில்லை. குருக்களும் ஜனங்களும் என்ன செய்யவேண்டும், எதைச் செய்யலாகாது என்று கட்டளைகளை எழுதி வெளியிட்டார்.

நோயைப்பற்றி அக்காலத்து வைத்தியர்கள் அறிந்தது கொஞ்சம். கெட்ட காற்றினால் வருகிறது என்று நம்பினார்கள். தொட்டால் ஒட்டும், உடுப்பினாலும் ஒட்டும் என்று அனுபவத்தில் கண்டிருந்தார்கள். பிளேக் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் என்பவர் ஹாங்காங் பட்டணத்தில் கண்டுபிடித்தது 1894-ல். எலியின்மேலுள்ள தெள்ளுப்பூச்சியே அதைப் பரப்புகிறதென்று போல் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் கராச்சியில் பரிசோதித்துக் காட்டியது 1898-ல். ஆகவே சார்லசுக்குக் கிடைத்த அறிவு அரைகுறையானது. கிடைத்ததை அவர் அசட்டை செய்யவில்லை.

அவர் கைக்கொண்ட முறைகளைக் கேட்டால், நமக்கு நேற்று நடந்ததுபோலிருக்கும். நோயாளிகளிடம் போய்வருகிறபடியால், தம்மைத் தொற்றுச் சந்தேகமுள்ள ஆளாகவே அவர் எண்ணிக்கொண்டார். ஒரு நீண்ட கோலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தக் கோலின் அளவுக்குள் யாரும் நெருங்கக்கூடாது. வேலைக்காரர்கள் தமக்குப் பணிவிடை செய்வதை நிறுத்திவிட்டார். காடியில் தோய்த்த பஞ்சைக் கூடவே வைத்திருந்தார். ஏழைகளுக்குக் கொடுக்கும் காசுகளையும் காடியில் போட்டெடுத்தார்கள். உடுப்பை அடிக்கடி மாற்றித் துவைக்கப் போட்டார். காடியினால் தெள்ளுப்பூச்சிக்கு என்ன நஷ்டம் என்று இக்கால வைத்தியர் சிரிக்கலாம். ஆனாலும் உடுப்பு மாற்றியதும் தூரம் காத்ததும் வீண்போயிராது. அந்தப் பதினேழு மாதமும் நோயாளிகளோடு பழகிய அவருக்கு நோய் வரவேயில்லை. தேவ பராமரிப்பு என்று நாம் சொல்வது சரியே. அந்தப் பராமரிப்பு அவரைக் கோலையும் காடியையும் விட்டுவிடச் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

பட்டணத்தின் கிழக்கு வாசலுக்கு வெளியே லாசரேத்து என்னும் பெரிய நோய்மனை இருந்தது. 1488 முதல் கட்டப்பட்டது. நான்கு பக்கமும் வரிசையாக 288 அறைகள். நடுவே புல்வெளி. சார்லஸ் முதன்முறை அங்கே போனபோது, உள்ளே கிடந்தவர்களுக்கு உணவு கொடுப்பாரும் இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்பாரும் இல்லை. சன்னல் வழியாகக் கையை நீட்டிக் கூப்பிட்டார்கள். அவர் அன்றிரவு சரியாகத் தூங்கியிருப்பாரென்று நான் நம்பவில்லை. குருக்களில் அநேகர் பயந்திருந்தார்கள்; அவர்களைத் திட்டாமல், தாமே முன்னே போய்க் காண்பித்தார். துறவற சபையாரையும் அழைத்தார். கபுச்சின் சபையைச் சேர்ந்த சாலோ ஊர் பவுலோ பெல்லிந்தானி என்னும் சந்நியாசியார் லாசரேத்தின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார். இவர் வெகு கண்டிப்புள்ளவர். அங்கே திருட்டும் துன்மார்க்கமும் தலையெடுக்காதபடி ஒழுங்கை நிலைநாட்டினார். பின்னர் பிரேஷியா பட்டணத்திலும் இதே வேலையைச் செய்து, கொள்ளைநோயைப்பற்றிச் சம்பாஷணை முறையில் ஒரு நூலும் எழுதினார். லாசரேத்து நிரம்பி வழிந்ததும் பட்டண வாசல்களுக்கு வெளியே நூற்றுக்கணக்கான குடிசைகள் போடப்பட்டன. சார்லஸ் குடிசை குடிசையாகச் சென்று அவஸ்தைப்பூசுதலும் திவ்விய நற்கருணையும் கொடுத்தார். அந்த நோயில் உயிர்விட்ட குருக்களும் துறவிகளும் பலர்.

நோயைவிடப் பசி பொல்லாதது என்று ஏழைகளுக்குத் தெரியும். வியாபாரம் நின்றது. பட்டு நெய்பவர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் வேலையில்லை. ஓடிப்போன பணக்காரர்கள் தங்கள் வேலைக்காரர்களைத் தெருவில் விட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் கூட்டமாக அதிமேற்றிராணியாரின் வாசலுக்கு வந்தார்கள். திடகாத்திரமானவர்களை நோயாளிகளுக்கு ஊழியம் செய்யவும் வீடுகளைச் சுத்தம் செய்யவும் ஏற்படுத்தினார். மற்றவர்களைப் பட்டணத்துக்கு வெளியே ஒரு கட்டடத்தில் தங்கவைத்துப் போஷித்தார். அவரிடம் மீதியிருந்த வெள்ளிப் பாத்திரங்கள் உருக்கப்பட்டன. குளிர்காலம் வந்தது, உடுக்கத் துணியில்லை. அரண்மனையின் திரைச்சீலைகளும் சுவர்த்தொங்கல்களும் இறக்கப்பட்டு, தையற்காரர் கைக்குப் போயின. சிவப்பும் பச்சையும் ஊதாவுமான சட்டைகள் போட்டுக்கொண்டு ஏழைகள் மிலான் தெருக்களில் நடந்தார்கள். அந்தத் துக்கக் காலத்திலும் அந்தக் காட்சியைக் கண்டு சிலராவது சிரித்திருப்பார்கள்.

சுற்றுப்பிரகாரங்களைப்பற்றி மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த அக்டோபர் மாதம் 3, 5, 6-ம் தேதிகளில் மூன்று பெரிய தபசுச் சுற்றுப்பிரகாரங்களை நடத்த சார்லஸ் தீர்மானித்தார். கூட்டம் கூடினால் தொற்று பரவுமே என்று அதிகாரிகள் தடுத்தார்கள். அவர் அர்ச். கிறகோரியார் 590-ம் ஆண்டில் ரோமாபுரியில் செய்ததை எடுத்துக்காட்டினார். தடுத்தவர்கள் சொன்னது வீண்பயமல்ல. அவரும் அதை வீண்பயமென்று தள்ளவில்லை. நோயாளிகளும் தொற்றுச் சந்தேகமுள்ள வீட்டாரும் வரலாகாது. வருகிறவர்கள் இரண்டு வரிசையாக, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நடக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். தாமே கழுத்தில் கயிற்றைப் பூட்டி, வெறுங்காலோடு, நமது ஆண்டவரின் திரு ஆணி பதித்த பெரிய மரச்சிலுவையைச் சுமந்துகொண்டு முன்னே நடந்தார். வழியில் ஓர் இரும்பில் கால் இடித்து, பெருவிரல் நகம் பெயர்ந்து இரத்தம் வடிந்தது. நிற்காமல் நடந்தார். ஜனங்கள் அழுதார்கள். அதனால் நோய் அதிகப்பட்டதா, அதிகப்படவில்லையா என்பதில் அன்றும் வாதம் இருந்தது. எப்படியும் அந்த மாதம் முடிவதற்குள் பட்டணம் வேறொரு வழியை மேற்கொண்டது. அதற்கு அதிமேற்றிராணியாரின் முழு ஆதரவும் இருந்தது.

அக்டோபர் 29-ம் தேதி முதல் நாற்பது நாளுக்கு ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று கட்டளை பிறந்தது. ஏழைகளுக்குப் பொதுச் செலவில் அப்பம். நாற்பது நாள் போதவில்லை. தவணை நீடித்துக்கொண்டே போய், அந்த ஆண்டின் கிறிஸ்மஸ் திருநாளும் அடைத்த கதவுக்குள்ளேயே வந்தது. சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேருள்ள பட்டணம் வாய்மூடிக் கிடந்தது.

கோயிலுக்குப் போகக்கூடாத ஜனங்களுக்குக் கோயிலைத் தெருவுக்குக் கொண்டுவந்தார் சார்லஸ். நாற்சந்திகளில் பீடங்கள் எழுப்பப்பட்டன. குருவானவர் அங்கே பூசை செய்தார். சுற்றியுள்ள வீட்டார் சன்னல்களிலும் வாசற்படிகளிலும் முழந்தாளிலிருந்து கண்டார்கள். குருக்கள் ஒரு சிறு இருக்கையை எடுத்துக்கொண்டு வீதி வீதியாகப் போய், மூடிய வாசலுக்கு இப்புறம் உட்கார்ந்து, அப்புறம் இருந்தவரின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார்கள். இரவும் பகலுமாக ஏழுமுறை பெரிய கோயில் மணி அடிக்கப்பட்டது. மணியோசை கேட்டதும் எல்லாரும் சன்னலுக்கு வருவார்கள். தெருவில் நடக்கும் குருவானவர் பிரார்த்தனையைத் தொடங்க, ஒரு வரிசை வீட்டார் ஒரு பாகமும் எதிர் வரிசையார் மறு பாகமுமாகப் பதில் சொல்வார்கள். செபங்களும் சங்கீதங்களும் அடங்கிய அச்சடித்த சிறு புத்தகங்கள் வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன வழி? ஞானோபதேசப் பள்ளியில் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தார்களே!

அந்நாட்களை எழுதிவைத்த சேசு சபைக் குருவானவர் பவுலோ பிஷியோலா, தெருக்களில் பாட்டொலியையும் செபத்தையும் தவிர வேறு சத்தமே கேட்கவில்லையென்றும், இத்தனை நூறு வீடுகள் ஒரே குரலாய்ப் பாடுவது மோட்சத்து எருசலேமை நினைப்பூட்டிற்றென்றும் குறிப்பிடுகிறார். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம், அடைபட்ட வீட்டில் சண்டையும் சலிப்பும் இராமலா போகும்? ஆயினும் இதை யோசியுங்கள். அறைக்குள் தனியே கிடக்கும் ஒரு கிழவி, மணியடித்ததும் சன்னலுக்கு வருகிறாள். எதிர்வீட்டுக் குடும்பம் முழுவதையும் பார்க்கிறாள். நேற்று ஐந்து பேர் நின்ற இடத்தில் இன்றும் ஐந்து பேர். அல்லது நான்கு பேர். அவள் வராவிட்டால், வரவில்லையென்று எதிர்வீட்டார் அறிவார்கள். தெருவில் போகிற குருவானவருக்கும் தெரியும். ஏழு வேளையும் அந்த மணி செபத்துக்கு அழைத்ததோடு, யார் உயிரோடிருக்கிறார், யாருக்கு உதவி தேவை என்ற செய்தியையும் பட்டணம் முழுவதும் கொண்டுபோயிற்று.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் அதே மிலான் பட்டணம் மறுபடியும் அடைபட்டுக் கிடந்தபோது, அப்போதைய அதிமேற்றிராணியார் பெரிய கோயிலின் மேல்தளத்துக்குத் தனியே ஏறி, கோபுரத்தின் உச்சியிலிருக்கும் தேவமாதாவின் பொன்மயமான சுரூபத்தின் கீழ் நின்று மன்றாடினார்.

நோய்க்குப் பின்னாலேயே வதந்தியும் வந்தது. சில துஷ்டர்கள் விஷத் தைலத்தைச் சுவர்களிலும் கதவுகளிலும் பூசி நோயைப் பரப்புகிறார்கள் என்ற பேச்சு 1576-லேயே கிளம்பிற்று. அப்படிப்பட்டவர்களைக் காட்டிக்கொடுத்தால் வெகுமதி தருவதாகக் கவர்னர் அந்த ஆண்டு செப்டம்பரில் விளம்பரம் செய்தார். அரசாங்கமே நம்பிய செய்தி என்றால் ஜனங்கள் நம்பாமலிருப்பார்களா? ஆனாலும் அந்தமுறை அந்த நெருப்பு பெரிதாய்ப் பற்றிக்கொள்ளவில்லை. ஜனங்கள் கையில் செபப்புத்தகம் இருந்தது. ஏழு வேளை செய்ய வேலை இருந்தது. சந்தேகம் கேட்க, வாசலில் ஒரு குருவானவர் இருந்தார். இதுவே காரணமென்பது என் அபிப்பிராயம்.

ஏனென்றால் அடுத்தமுறை அப்படி நடக்கவில்லை. 1630-ம் ஆண்டு மிலானில் மீண்டும் பிளேக் வந்தது. இத்தாலியரான மன்சோனியின் புகழ்பெற்ற நாவலில் வருவது இந்தக் கொள்ளைநோயே. அப்போதைய அதிமேற்றிராணியார் பெதெரிக்கோ பொரோமேயு, நமது அர்ச்சியசிஷ்டவருக்குச் சிற்றப்பன் மகன்முறை. கல்விமான், நல்ல மேய்ப்பர். முதலில் நோயே இல்லையென்று ஜனங்கள் சாதித்தார்கள். இருக்கிறதென்று சொன்ன வைத்தியர்களைத் தெருவில் ஏசினார்கள். பிறகு அர்ச். சார்லசின் திருச்சரீரத்தைச் சுற்றுப்பிரகாரமாக எடுத்துவர வேண்டுமென்று கேட்டார்கள். கூட்டத்தால் தொற்று பரவுமென்று பெதெரிக்கோ மறுத்துப்பார்த்தார். நெருக்குதல் தாங்காமல் இணங்கினார். ஜூன் 11-ம் தேதி பட்டணம் முழுவதும் நெருக்கியடித்துக்கொண்டு தெருவில் நின்றது. இனி நோய் போய்விடும் என்று எல்லாரும் நம்பினார்கள். அடுத்த நாட்களில் சாவு பல மடங்காகப் பெருகிற்று. கூட்டம் கூடியதே அதற்குக் காரணமென்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், அந்தக் கூட்டத்துக்குள் விஷம் பூசுகிறவர்கள் புகுந்துவிட்டார்கள் என்றார்கள்.

ஒருநாள் காலை, மழைக்கு ஒதுங்கிச் சுவரோரமாய் நடந்த பியாட்சா என்னும் சுகாதார உத்தியோகஸ்தனைச் சன்னலிலிருந்து பார்த்த சில பெண்கள், அவன் சுவரில் எதையோ பூசினான் என்றார்கள். அவனைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். வேதனை தாங்காமல் அவன் மோரா என்னும் நாவிதனின் பெயரைச் சொன்னான். இருவரும் 1630-ம் ஆண்டு ஆகஸ்ட் 1-ம் தேதி கொடூரமாய்க் கொல்லப்பட்டார்கள். இருவரும் குற்றமற்றவர்கள். மோராவின் வீட்டை இடித்து, அந்த இடத்தில் அவமானத் தூண் ஒன்றை நாட்டினார்கள். 1778 வரையில் அது அங்கே நின்றது. அந்தக் கொள்ளைநோயில் பட்டணத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 60 ஆயிரம் பேர். சன்னலிலிருந்து பார்த்து ஒரு வார்த்தை சொன்ன அந்தப் பெண்கள் பொல்லாதவர்கள் அல்ல. நம் வீட்டுப் பெண்களைப் போலவே, பிள்ளைகளுக்காகப் பயந்திருந்தவர்கள்.

1576-ன் கொள்ளைநோய்க்குத் திரும்புவோம். அதில் மிலான் பட்டணத்தில் இறந்தவர்கள் சுமார் 17 ஆயிரம் பேர். அடுத்த ஆண்டில் நோய் தணிந்துகொண்டே வந்தது. கட்டுப்பாடுகளை ஒரேயடியாக நீக்கிவிடாமல், படிப்படியாகத் தளர்த்தினார்கள். பட்டணத்தார் நேர்ந்துகொண்டபடி அர்ச். செபஸ்தியாருக்கு ஒரு கோயில் கட்டத் தொடங்கி, 1577-ம் ஆண்டு செப்டம்பரில் சார்லஸ் அதற்கு மூலைக்கல் வைத்தார். வட்டவடிவமான அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. 1578-ம் ஆண்டு ஜனவரி 20-ம் தேதி, அந்த வேதசாட்சியின் திருநாளன்றே, பட்டணம் நோயினின்று விடுதலையானதாக விளம்பரம் செய்யப்பட்டது.

ஜனங்கள் வெகு சீக்கிரம் மறந்தார்கள். கடைகள் திறந்தன, கார்னிவல் களியாட்டங்கள் மறுபடி தொடங்கின. சார்லஸ் இதனால் மனம் நொந்து, 1579-ம் ஆண்டு மிலான் மக்களுக்கு நினைவுப் புத்தகம் ஒன்றை எழுதி வெளியிட்டார். வீட்டில் அடைபட்டிருந்த நாட்களில் தேவனுக்குக் கொடுத்த வாக்குகளை அவர்களுக்கு நினைப்பூட்டுவது அதன் நோக்கம். அதே ஆண்டு கூட்டிய மாகாண சங்கத்தில், கொள்ளைநோய்க் காலத்தில் மேற்றிராணியார்களும் பங்குக் குருக்களும் எப்படி நடக்கவேண்டும் என்று விரிவான சட்டங்களை ஏற்படுத்தினார். அடுத்த கொள்ளைநோய் வருவதற்குள் எழுதிவைத்துவிட வேண்டுமென்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அதிகம் உழைத்து, அதிகம் உபவாசமிருந்து, 1584-ம் ஆண்டு நவம்பர் 3-ம் தேதி இரவு காய்ச்சலினால் மரித்தார். வயது நாற்பத்தாறு. 1610-ம் ஆண்டு நவம்பர் 1-ம் தேதி 5-ம் சின்னப்பர் என்னும் பாப்பானவர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். அவருடைய திருச்சரீரம் மிலான் பெரிய கோயிலின் நிலவறையிலே வைக்கப்பட்டிருக்கிறது. பிறந்த ஊராகிய அரோனாவில் 1698-ல் அவருக்கு வைத்த செம்புச் சுரூபம், பீடத்தோடு சேர்த்து ஏறக்குறைய 35 மீட்டர் உயரம். உள்ளே படியேறித் தலைவரைக்கும் போகலாம். தம்மைப்பற்றி யாரும் பெரிதாய்ப் பேசுவதை விரும்பாத அவருக்கு அது பிடித்திருக்குமோ என்னமோ!

நாற்சந்திகளில் பீடங்கள் இருந்த இடங்களில், நோய் நீங்கியபின் சிலுவை தாங்கிய கற்றூண்கள் நாட்டப்பட்டன. அந்தந்த வட்டாரத்தார் ஒன்றுகூடி அவற்றைப் பராமரித்து, மாலைநேரத்தில் அதனடியில் செபம் சொல்லிவந்தார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் போக்குவரத்துக்கு இடைஞ்சலென்று அநேகத்தை அகற்றிவிட்டார்கள். பழைய காய்கறிச் சந்தை இருந்த இடத்தில் ஓர் உயர்ந்த தூண், அதே கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாக எழும்பியது, உச்சியில் உலக இரட்சகரின் சுரூபத்தோடு இன்னும் நிற்கிறது. சந்தை வேறிடத்துக்குப் போய்விட்டது.